எந்தப் பலகைக்குப் பணிவது?

இராசபாளையத்துக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பஞ்சாலை. மற்றொன்று, பால்வண்ண நாய். ஆலையிலே தொழிலாளி நூற்ற நூல் நாடெங்கும் போகிறது. ஊரின் பெயரையே தன் பெயராகத் தாங்கிய வேட்டை நாயோ, 2005 சனவரி 9-ஆம் நாள் அஞ்சல் தலையிலேயே ஏறி அமர்ந்துவிட்டது! முறுக்கேறிய உடல், இளஞ்சிவப்பு மூக்கு, வளர்த்தவரைத் தவிர வேறெவரையும் மதிக்காத வீறாப்பு. அந்த நாயைப் பற்றி ஊரார் பெருமிதத்தோடு பேசுவதிலே தவறேதும் இல்லை.

அந்த நாய்க்கும் எல்லை உண்டு, அதை அழைத்துச் செல்லக்கூடாத இடங்கள் உண்டு, அந்த விதியை வளர்ப்பவர் மதித்தே தீரவேண்டும் என்று எழுதினால், “நாய்க்காகவா இத்தனை பத்தி? நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். இது நாயைப் பற்றிய பிரச்சினை அல்ல, தோழர்களே! பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சினை. விதி என்பது ஏழைக்கு மட்டுமா, எல்லார்க்குமா என்ற பிரச்சினை.

2025 நவம்பர் 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கல்விக்கூடம், மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவேண்டும், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுக் காப்பகத்தில் வைக்கவேண்டும், பிடித்த இடத்திலேயே மீண்டும் கொண்டுவந்து விடலாகாது என்றது அந்த உத்தரவு. தெருநாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்து அது விலகிப் போகாது. ஆகவே பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஆனால் வீட்டு நாயின் சங்கிலியை மறுமுனையிலே பிடித்திருப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமே! பட்டம்கூடப் பெற்றிருப்பாரே! “நாய்களுக்கு அனுமதி இல்லை” என்ற பலகையைப் படித்த பிறகும் அவர் உள்ளே நுழைந்தால், குற்றம் நாயுடையதா, நாயின் நாயகருடையதா?

இங்கே நம் தோழர்கள் சிலருக்கு ஓர் ஐயம் எழும். “தடைப் பலகைகளைத் தகர்த்த இயக்கமல்லவா நம் இயக்கம்? நுழையாதே என்றால் நுழைவோம் என்றவர்களல்லவா நம் தலைவர்கள்? இப்போது பலகைக்குப் பணியச் சொல்கிறீர்களே!” என்பார்கள். நியாயமான ஐயம். விடை சொல்லத்தான் வேண்டும்.

1924-ஆம் ஆண்டு வைக்கத்திலே நடந்தது என்ன? கோயிலைச் சுற்றிய தெருவிலே நாய் நடக்கலாம். ஈழவர் நடக்கக்கூடாது, புலையர் நடக்கக்கூடாது. தந்தை பெரியார் அங்கே சென்றார், சிறை புகுந்தார். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரிலே, விலங்குகள் வாய்வைத்துக் குடித்த குளத்து நீரை, மனிதர் தொடக்கூடாது என்று தடுத்து வைக்கப்பட்டிருந்த நீரை, அண்ணல் அம்பேத்கர் தம் கையால் அள்ளிப் பருகினார். உணவு விடுதிகளிலே நாயையும் ஒடுக்கப்பட்ட மனிதனையும் ஒரே வரியில் நிறுத்தி, “நுழையக் கூடாது” என்று பலகை மாட்டியிருந்த காலம் அது.

நம் வட்டாரத்துக்கே வருவோம். இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர்கள். அந்த மாவட்டத்திலே தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தார்கள். காசு கொடுத்தாலும் இடமில்லை! 1920-களின் இறுதியிலே ஜில்லா போர்டு தலைவராக அமர்ந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் என்ன செய்தார்? ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். பேருந்துக் கதவு திறந்தது.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. கேடு கெட்ட வழக்கத்தை அவர் உடைத்தார். உடைப்பதற்கு அவர் எடுத்த கருவியே ஒரு விதிதான். ஆகவே, விதி என்றாலே வெகுண்டெழுவது நம் கொள்கை அல்ல. இந்தப் பலகை யாரைக் காக்கிறது, யாரை இழிவுபடுத்துகிறது என்று கேட்பதே நம் கொள்கை. பிறப்பைக் காட்டி மனிதனைத் தடுத்த பலகை எவரையும் காக்கவில்லை. மனிதனை மிருகத்துக்கும் கீழே தள்ளியது. அதை உடைத்தது அறம். மருத்துவமனை வாசலிலே நாயைத் தடுக்கும் பலகை நோயாளியைக் காக்கிறது. பள்ளி வாசலில் குழந்தையைக் காக்கிறது. அந்தப் பலகையால் நாய்க்கு மானக்கேடு இல்லை. அதை மதிப்பது அறம்.

அந்த விதி மீறப்பட்டால் அடிபடுபவன் யார்? 2024 மே 5-ஆம் நாள், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், சங்கிலியில்லாமல் வந்த இரண்டு இராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தடுக்க ஓடிய தாயும் காயம்பட்டார். அந்தச் சிறுமி யார்? பூங்காவின் காவலாளியுடைய மகள்! வேலை பார்த்த இடமே வீடாகவும் இருந்த குடும்பம். கடித்த நாய்கள் காசு கொடுத்து வாங்கிய அயல்நாட்டு இனம். கடிபட்டது கூலிக்குக் காவல் காத்தவரின் குழந்தை. அதன் பிறகே சங்கிலி வேண்டும், வாய்க்கூடு வேண்டும், உரிமம் வேண்டும், ஊசி வேண்டும் என்று மாநகராட்சி வலியுறுத்தியது. கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம்!

விதியை மீறும் துணிவு யாருக்கு வருகிறது? 2022 மே மாதம் டில்லி தியாகராஜ் விளையாட்டரங்கிலே, பயிற்சி செய்த வீரர்களை மாலை ஏழு மணிக்கே வெளியேறச் சொல்கிறார்கள் என்றும், அதன் பிறகு உயர் அதிகாரி ஒருவர் ஓடுதளத்தில் தம் நாயோடு உலாவுகிறார் என்றும் செய்தி வந்தது. வீரர்களை வெளியேற்றச் சொல்லவில்லை என்று அந்த அதிகாரி மறுத்தார். ஆனாலும் உள்துறை அமைச்சகம் அவரை லடாக்கிற்கு மாற்றியது. வியர்வை சிந்த வந்த இளைஞனுக்கு வெளியே போகும் வழி. அதிகாரியின் நாய்க்கு ஓடுதளம் என்று நாடே பேசியது. தெருவோரத் தொழிலாளி நாயோடு உள்ளே போயிருந்தால், வாயிற்காவலன் விட்டிருப்பானா?

வெறிநாய்க்கடியின் கொடுமை கிராமத்தானுக்குத் தெரியும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நீலகிரியிலே குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டே தொடங்கியது. அத்தனை ஆண்டுகளாகியும் உலகில் இந்நோயால் மாள்வோரில் 36 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாவோரில் பெரும் பங்கினர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியிலே தறிக்காரன் நெய்கிற மருத்துவத் துணி கடிபட்ட காலைக் கட்ட உதவும். கடிபடாமல் காப்பது அந்தத் துணியின் வேலையல்ல, விதியின் வேலை.

ஊரை விட்டு மேற்கே நடந்தால் மலை. அங்கேயும் ஒரு பலகை உண்டு. 1988-ஆம் ஆண்டு சாம்பல் நிற அணிலுக்காகத் திருவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் மனிதனே அனுமதியின்றி நுழையக்கூடாது. மனிதனுக்கே அனுமதிச் சீட்டு வேண்டிய இடத்தில் நாய்க்கு என்ன வேலை?

“எங்கள் நாய் வேட்டை நாய். காட்டைக் கண்டதும் அதன் இரத்தம் துள்ளுகிறது” என்பார்கள். துள்ளும், மறுக்கவில்லை. பாளையக்காரர் காலத்திலே பன்றி வேட்டைக்குப் பழகிய வம்சம் அல்லவா? துள்ளுகிறது என்பதனால்தான் கூட்டிப் போகாதே என்கிறது சட்டம்! மானையும் முயலையும் துரத்துவதோடு அது நிற்காது. நாயின் உமிழ்நீரிலும் மூச்சிலும் நோய் போகும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியிலே 1994-ஆம் ஆண்டு ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் செத்தன. மூன்றிலொரு பங்கு! கொன்றது துப்பாக்கியல்ல. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து பரவிய ‘டிஸ்டெம்பர்’ என்னும் நச்சுயிரி நோய். அதே நோய் 2018-இல் குசராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்களைப் பலிகொண்டது. நம் மலையிலே புலிக்கும் சிறுத்தைக்கும் ஊசி போடப் போவது யார்?

காடு கெட்டால் கெடுவது புலி மட்டுமா? அந்த மலையிலே பெய்த மழைதான் ஆறாக இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலே தேங்கி, இராசபாளையத்துக் குழாயிலே குடிநீராக வருகிறது. செல்வர் வீட்டுக்குத் தண்ணீர் லாரியிலும் வரும். ஆலைத் தொழிலாளி வீட்டுக் குடத்துக்கு மலைதான் வழி. காட்டு வாசல் பலகை அந்தக் குடத்தையும் சேர்த்துக் காக்கிறது.

அப்படியானால் எல்லா விதியும் சரியானதுதானா? இல்லை. பொதிகை விரைவு வண்டி திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் நின்று போகிறது. முதல் வகுப்பிலே தனி அறையை முழுதாகப் பதிவு செய்பவர் தம் நாயைப் பக்கத்திலேயே அமர்த்திக்கொள்ளலாம். தூங்கும் வசதிப் பெட்டியில் போகிறவன் நாயைக் கடைசிப் பெட்டியின் கூண்டில்தான் ஏற்றவேண்டும். பணமுள்ளவன் நாய்க்கு மெத்தை, பாட்டாளியின் நாய்க்கு இரும்புக் கூண்டு! இது கோணல் விதி. நெருக்கியடித்து உட்காரும் பெட்டியிலே நாயை விடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கூண்டிலே காற்றும் நீரும் வேண்டும் என்று கேட்போம். மனுப் போடுவோம், கூட்டம் போடுவோம், நாடாளுமன்றத்திலே எழுப்பச் செய்வோம். இருக்கைக்கு அடியிலே நாயை ஒளித்துக்கொண்டு போவது போராட்டம் ஆகாது. பக்கத்திலே தூங்கும் குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சில, நாய் வளர்க்கவே கூடாது என்கின்றன. அப்படித் தடுக்கச் சங்கங்களுக்கு உரிமையில்லை என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே நெறிமுறை வகுத்தது. அதையும் ஏற்கிறோம். வீட்டிலே வளர்ப்பது உரிமை. பொது இடத்திலே பிறரை அச்சுறுத்துவது உரிமையல்ல.

வடமொழிப் பெயர் தாங்கி 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கால் ஆபத்து நேராமல் காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது. செயல் வேண்டும்.

இரு நகராட்சிகளிடமும் நாம் கேட்பன இவை. எங்கெங்கே நாய் வரலாகாது என்பதை எளிய தமிழில், எட்டத்திலிருந்தே தெரியும்படி எழுதி வையுங்கள். தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வட்டந்தோறும் ஊசி முகாமும் உரிம முகாமும் நடத்துங்கள். நாயோடு நடக்க ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். போகாதே என்று மட்டும் சொல்லி, போகும் இடத்தைக் காட்டாவிட்டால் எந்த விதியும் நிலைக்காது. அபராதம் என்றால் மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே அபராதம் போடுங்கள். பங்களா வாசலிலே வணக்கம் சொல்லிவிட்டுச் சேரிக்குள் வந்து ரசீதுப் புத்தகத்தை விரித்தால், நாங்கள் கேட்போம்!

கழகத் தோழர்களே! கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், முதலில் நம் வீட்டு நாய் ஒழுங்காக இருக்கவேண்டும். கிளைச் செயலாளர் வீட்டு நாய் பள்ளி மைதானத்திலே திரிந்தால், ஆலை முதலாளி வீட்டு நாயைப் பற்றி மேடையிலே பேச நமக்கு வாய் ஏது? தேர்த் திருவிழாக் கூட்டத்திலும், அரசு மருத்துவமனை வரிசையிலும், மலையடிவாரத்திலும் நம்மவர் நாயோடு நின்றால், அன்போடு எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

மனிதனைத் தாழ்த்திய பலகையை உடைத்த கை நம் கை. மனிதனைக் காக்கும் பலகைக்குக் காவலாக நிற்கவேண்டியதும் அதே கைதான்.