பனி பெய்யாத ஊரும் காரின் பருவப் பராமரிப்பும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த்தை ஒட்டியுள்ள மாக் மண்டின் தொழிற்பேட்டை வட்டாரத்திலும், நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ்டவுனிலும், கார் வைத்திருப்போரிடையே ஐயத்துக்கே இடமில்லாததுபோல் வழங்கிவரும் கூற்று ஒன்று உண்டு. பருவம் மாறுமுன் காரைப் பட்டறைக்குக் கொண்டுசென்று கூலன்டை மாற்றுவதும், பேட்டரியைச் சோதிப்பதும், எண்ணெயையும் டயரையும் ஆராய்ந்து தேர்வதும் கனடாவிலோ ஜப்பானின் வடகோடியிலோ வாழ்வோருக்கு உரிய கவலைகள் என்றும், ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறக்குறைய 24 முதல் 32 பாகை செல்சியசுக்குள் நிற்கும் பினாங்கில் ரேடியேட்டருக்குக் குழாய்நீரும் எஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெயும் போதும் என்றும், பழுது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. இக்கூற்றின் தொடக்கம் சரியானது. பினாங்கில் நீர் உறைவதில்லை. ஆனால் பனிநாட்டார் செய்யும் வேலைகளில் பனிக்கென்றே அமைந்தவை மிகச் சிலவே என்பதையும், எஞ்சியவை யாவும் வெப்பத்தையும் ஈரத்தையும் எதிர்கொள்வதற்கானவை என்பதையும், அவ்விரண்டும் ஆண்டு முழுவதும் நிறைந்த ஊர் பினாங்கு என்பதையும் அது கணக்கில் கொள்ளவில்லை.

முதலில் கூலன்டைப் பற்றிய வாதம். கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மமும் அரிப்புத் தடுப்பான்களும் நீருடன் கலந்த கலவை. பாதிக்குப் பாதி நீர் சேர்த்தால் அது ஏறக்குறைய மைனஸ் 37 பாகை வரை உறையாமல் இருக்கும். இப்பண்பையே எடுத்துக்காட்டி, உறைபனி இல்லாத ஊரில் அதற்கு விலைகொடுப்பது வீண் என்பர். வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலில் இக்கலவையைவிட வெறும் நீரே மேலானது என்பதையும் அவர்கள் துணைக்கு அழைக்கலாம். அது இயற்பியல் ஒப்புக்கொள்ளும் உண்மை. எனினும் அதே கலவை கொதிநிலையையும் உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அளவு மிகையழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது வெறும் நீர் 120 பாகையை ஒட்டிக் கொதிக்கையில், கலவை 129 பாகை அளவில்தான் கொதிக்கத் தொடங்கும். மாலை நெரிசலில் பினாங்குப் பாலத்தின்மேல் ஊர்ந்து செல்லும் காருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. விசிறி ஒன்றே துணை. குளிர்சாதனத்தின் வெப்பமும் அதே முகப்பில் வந்து சேர்கிறது. அந்நிலையில் எஞ்சின் தலைப்பகுதியின் சில இடங்கள் ரேடியேட்டரின் வெப்பநிலையைவிட மிகவும் கூடுதலாகச் சூடேறுகின்றன என்பதால், இந்த ஒன்பது பாகை இடைவெளி எண்ணளவில் சிறிதாயினும் பயனில் சிறிதன்று.

கொதிநிலையைக் காட்டிலும் பெரிய காரணம் அரிப்பு. இன்றைய எஞ்சின்களில் அலுமினியத் தலை, வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய உடல், எஃகு உறுப்புகள், அலுமினிய ரேடியேட்டர் எனப் பல உலோகங்கள் ஒரே நீரோட்டத்தில் நனைந்து நிற்கின்றன. இருவேறு உலோகங்கள் மின்கடத்தும் நீரால் இணைக்கப்படும்போது அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்துபோகும் நிகழ்வை மின்வேதி அரிப்பு என்பர். குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரின் குளோரைடாக மாறி நிற்பதும், கரைந்த உப்புகள் இருப்பதும் அதை விரைவுபடுத்துகின்றன, சூடும் விரைவுபடுத்துகிறது. ஆகவே தடுப்பான் இல்லாத நீரால் விளையும் கேடு ஆஸ்லோவைவிட மாக் மண்டினில் குறையும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. துருவேறிய பழுப்பு நீரும், மெல்லிய குழல்கள் அடைபட்ட ரேடியேட்டரும், கசியும் நீரேற்றி அடைப்பும் இதன் விளைவுகள். கார் தயாரிப்பாளர்கள் கூலன்டை மாற்றுவதற்குக் கால வரம்பு விதிப்பதும் உறைநிலை மாறிவிடும் என்பதற்காக அன்று, தடுப்பான்கள் தீர்ந்துபோகும் என்பதற்காகவே. பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்கள் தயாரிப்பாளர் இடும் சாயமே தவிரத் தரத்தின் அடையாளம் அல்ல என்பதையும், நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடொன்று கலப்பது தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இவ்வாதத்தோடு ஒட்டிப் பிறந்தது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம். எஞ்சின் தகுந்த சூட்டை அடையும்வரை நீரை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுத்து வைக்கும் வெப்பக் கதவுதான் தெர்மோஸ்டாட். சூடான நாட்டில் அது தேவையற்றது, அதை எடுத்தெறிந்தால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும் என்பது வாதம். எஞ்சின் குளிர்ந்தே ஓடும் என்பது உண்மை, அதுதான் கேடு. 90 பாகையை ஒட்டி இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அந்தச் சூட்டை எட்டாதபோது, கட்டுப்பாட்டுக் கணினி அது இன்னும் தொடக்க நிலையில் இருப்பதாகக் கருதி மிகுதியான பெட்ரோலைச் செலுத்துகிறது. எரிப்பில் பிறந்த நீராவி எண்ணெயிலிருந்து வெளியேறாமல் தங்கிச் சகதியாகிறது. உருளைச் சுவர் விரைந்து தேய்கிறது. பனிநாட்டு ஓட்டுநர் தம் காருக்கு நேராதிருக்கப் பணம் செலவழித்துத் தடுக்கும் நோயை, வெப்பநாட்டு ஓட்டுநர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கூலி கொடுத்து வாங்குகிறார் என்பது விந்தையே.

எண்ணெயைப் பற்றிய வாதத்துக்கு விடை சுருக்கமானது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்னும் எண்ணெய்கள் பனிநாட்டுக்கு ஆனவை, இங்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான எண்ணெயே எஞ்சினைக் காக்கும் என்பர். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரவரிசையில் முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக அசையும் என்பதை மட்டும் குறிக்கிறது. 0டபிள்யூ மைனஸ் 35 பாகையிலும் 20டபிள்யூ மைனஸ் 15 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. பின்னுள்ள எண்ணோ 100 பாகையில் உள்ள பிசுக்குமையைக் குறிக்கிறது. தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும்வரை எஞ்சினின் உட்சூடு ஆஸ்லோவிலும் பட்டர்வொர்த்திலும் ஏறக்குறைய ஒன்றே ஆகையால், பின்னெண்ணைத் தீர்மானிப்பது ஊரின் வெயிலைவிட எஞ்சினின் தாங்கிகளுக்கும் தண்டுக்கும் இடையே தயாரிப்பாளர் விட்டுள்ள இடைவெளியே ஆகும். 27 பாகைக் காலைப்பொழுதில் கிளப்பும்போதுகூட எண்ணெய் தன் இயங்குநிலையைவிடப் பன்மடங்கு கெட்டியாகவே இருக்கிறது என்பதால், எளிதில் பாயும் எண்ணெயின் நன்மை வெப்பநாட்டிலும் உண்டு. மிகவும் தேய்ந்த பழைய எஞ்சினுக்குச் சற்றுக் கெட்டியான எண்ணெய் உதவலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் வெப்பநிலைக்கேற்ற மாற்றுத் தரங்கள் தரப்பட்டிருந்தால் அவற்றையும் பின்பற்றலாம். அதற்கு அப்பால் கெட்டித்தன்மையை வலிமை என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

பேட்டரியைப் பொறுத்தவரை வாதம் தலைகீழாகவே உள்ளது. குளிரில் பேட்டரி திணறுவது கண்கூடு; ஆதலால் குளிர் இல்லாத ஊரில் அதற்கு ஆபத்து இல்லை என்று எண்ணுகின்றனர். ஈய அமில பேட்டரிக்குள் நிகழும் வேதிவினைகள், அரிப்பையும் உள்ளிட்டு, வெப்பநிலை 8 முதல் 10 பாகை உயரும்போதெல்லாம் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறுகின்றன. குளிர், ஏற்கெனவே நலிந்த பேட்டரியின் நலிவைக் காட்டிக்கொடுக்கிறது. அதை நலியச் செய்வது பெரும்பாலும் அதற்கு முந்திய கோடையே. கோடையே ஆண்டாக உள்ள ஊரில் நலிவு ஓயாமல் நடக்கிறது, காட்டிக்கொடுக்கும் குளிர்தான் இல்லை. எனவேதான் நேற்றுவரை ஒழுங்காகக் கிளம்பிய கார் ஒரு மழைநாள் மாலையில் விளக்கு, துடைப்பான், குளிர்சாதன விசிறி மூன்றும் சேர்ந்து மின்சாரம் கேட்கும் வேளையில், யாதொரு முன்னறிவிப்பும் இன்றி நின்றுவிடுகிறது. பேட்டரியின்மேல் அச்சிடப்படும் சி.சி.ஏ. என்னும் எண் மைனஸ் 18 பாகையில் 30 நொடிக்கு அது தரக்கூடிய மின்னோட்டம் என்பதால் இங்கு பொருளற்றது என்று ஒதுக்கிவிடவும் கூடாது; பட்டறையில் உள்ள சோதனைக் கருவி அந்த எண்ணோடு ஒப்பிட்டே எஞ்சிய வலிமையை மதிப்பிடுகிறது.

டயரில்தான் எதிர்வாதத்துக்கு ஓரளவு நியாயம் உள்ளது. பனிக்கால டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழும் இறுகாமல் இருக்குமாறு ஆக்கப்பட்டது. அதைச் சூடான தார்ச்சாலையில் பொருத்தினால் அது குழைந்து விரைவில் தேயும், நிறுத்தத் தொலைவும் நீளும். ஆகவே பனிநாட்டார் பட்டியலை அப்படியே நகலெடுப்பதும் பிழையே. ஆனால் அப்பட்டியலில் உள்ள டயர்ச் சோதனையையும் சேர்த்துக் கைவிட முடியாது. ஏனெனில் பனிநாட்டில் பனிக்கட்டி செய்வதைப் பினாங்கில் மழைநீர் செய்கிறது. சென்னை ஓராண்டில் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. என்றால், பினாங்கு பெறுவது 2,000 மி.மீட்டருக்கும் மேல், அது பெய்யும் விதமும் குறுகிய நேரக் கொட்டலாகவே பெரும்பாலும் அமைகிறது. ஓடும் டயர் தன்முன் உள்ள நீரை விலக்க முடியாமல் நீர்ப்படலத்தின்மேல் ஏறி மிதக்கும் நிலையை நீர்மிதப்பு எனலாம். அந்நிலையில் திருப்புவதும் பிரேக்கை மிதிப்பதும் பயன் தரா. 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வானூர்தி டயர்களைக் கொண்டு வகுக்கப்பட்ட வாய்பாட்டின்படி, இந்நிலை தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவ்வாய்பாட்டைக் காருக்குப் பொருத்தினால், சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கி.மீ. வேகத்திலும், கவனிப்பின்றி 24 பவுண்டுக்கு இறங்கிவிட்ட டயர் 82 கி.மீ. வேகத்திலும் மிதக்கத் தொடங்கும். பள்ளங்கள் தேய்ந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். பட்டர்வொர்த் வழியாகச் செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு 110 கி.மீ. என்பதை இவ்வெண்களின் அருகில் வைத்துப் பார்த்தால், காற்றழுத்தமானி ஒன்றின் விலை மிகுதி என்று யாரும் சொல்லத் துணியார்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீட்டருக்கு இறங்கியதைக் காட்டும் சிறு மேடுகள் ஒவ்வொரு டயரின் பள்ளத்துக்குள்ளும் வார்க்கப்பட்டுள்ளன. அவை சாலையைத் தொடும்வரை காத்திருப்பது ஈரச் சாலைக்கு ஏற்றதன்று. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களுள் முதல் இரண்டு அது உருவான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2321 எனில் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயிலில் நிற்கும் கார்களில் பள்ளம் ஆழமாக இருக்கும்போதே ரப்பர் முதுமையால் வெடித்துவிடுவதால், இவ்விலக்கங்களைப் படிக்கத் தெரிந்திருப்பது பழைய டயர் வாங்குவோருக்குக் கட்டாயத் தேவை. மலேசியச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை என்பதையும் மறக்கலாகாது. ஈரச் சாலையில் ஒரு காரின் நிறுத்தத் தொலைவு நீண்டால் அதற்கு விலைகொடுப்பவர் பெரும்பாலும் காருக்குள் இருப்பவர் அல்லர்.

பிரேக் எண்ணெயைப் பற்றி மேற்படி கூற்று ஒன்றுமே சொல்வதில்லை. அந்நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தரத்துக்குப் புதிதில் குறைந்தது 205 பாகையாக உள்ள கொதிநிலை வரம்பு, ஈரமேறிய நிலையில் 140 பாகையாகக் குறைகிறது. டாட் 4 தரத்துக்கு அவை முறையே 230, 155 பாகை. கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது அந்நீர்மம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதிகட்டை தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. பினாங்கின் ஈரக்காற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது மிகையான எச்சரிக்கை ஆகாது.

இறுதியாகச் சட்டத்தைக் காட்டிச் சொல்லப்படும் வாதம். வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். தனியார் கார்களுக்கோ உரிமை மாற்றம் போன்ற வேளைகளில் மட்டும் புஸ்பாகோம் போன்ற நிலையங்களின் சோதனை வேண்டப்படுகிறது. ஆகவே அரசே தேவையில்லை என்று கருதியதை மற்றவர் வலியுறுத்துவானேன் என்பர். சட்டம் கேட்காதது சாலைக்கும் தேவையில்லாதது என்னும் இம்முடிவு, சோதனையின் பொறுப்பு உரிமையாளரிடமே விடப்பட்டுள்ளது என்னும் நிலையைத் தவறாகப் படிப்பதால் வருவது. காப்புறுதியிலும் இவ்வாறே பொறுப்பு உரிமையாளரிடமே உள்ளது: 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைச் சூழ்ந்த வெள்ளத்திற்குப் பின்னர், வழக்கமான முழுக் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்தால்தான் அடங்கும் என்பதைப் பலர் அறிந்தனர். நீரில் மூழ்கிய காரைக் கிளப்பிப் பார்த்தால் அமுங்காத நீர் உருளைக்குள் சிக்கி இணைப்புத் தண்டை வளைத்துவிடும் என்பதையும் அதோடு சேர்த்து அறிந்திருத்தல் நன்று.

ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊரில் எந்தப் பருவத்துக்கென்று தயாராவது என்ற கேள்வி எஞ்சுகிறது. பினாங்கில் மழை சீராகப் பெய்வதில்லை. சனவரி, பிப்ரவரி மாதங்கள் உலர்ந்தவை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை உச்சம் பெறுகிறது. ஆகையால் பேட்டரி, டயர், துடைப்பான் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஆகஸ்ட் மாதமே உரியது. கிழக்குக் கரையிலோ வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஆண்டு முடிவைத் தாண்டியும் நீடிப்பதால், ஆண்டிறுதி விடுமுறையில் கிரிக்கிலிருந்து ஜெலி செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியே கிளந்தானுக்குப் புறப்படுவோர் மற்றுமொரு முறை சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூடுபனி இறங்கும் அம்மலைச் சாலையில் முன்கண்ணாடி மங்கும்போது, மங்கல் உட்புறத்தில் எனில் குளிர்சாதனத்தை இயக்கியும், வெளிப்புறத்தில் எனில் குளிரைக் குறைத்துத் துடைப்பானை ஓட்டியும் அதை நீக்க வேண்டும். விளக்குகளைப் பொறுத்தவரை தாழ்கதிரே ஏற்றது, ஏனெனில் உயர்கதிரின் ஒளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது.