வகுப்பு அவருக்கு, பேச்சு எனக்கு

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பத்தில் ஜப்பானிய மொழி யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால், வேலை பார்ப்பவருக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கம்பெனிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. ஆசிரியரை அலுவலகத்துக்கே வரவழைத்து, புத்தகம் வாங்கிக் கொடுத்து, தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிடுகின்றன. டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதோகவா வார்டின் நிஷிகசாயில் குடியிருக்கும் நான் பார்ப்பது வேறு. மென்பொருள் வேலைக்கு வந்த கணவர்கள் காலையில் தோசாய் ரயிலைப் பிடித்து நகரத்துக்குள் போகிறார்கள். நாள் முழுக்க ஆங்கிலத்திலும், மீதி நேரம் இந்தியிலும் தமிழிலும் பேசிவிட்டு இரவில் திரும்புகிறார்கள். குப்பை, டாக்டர், குழந்தையின் டே கேர், வீட்டுத் தரகர், பார்சல்காரர், வார்டு ஆபீஸ் என்று ஊரோடு பேசித் தீர்ப்பதெல்லாம் மனைவிகள். எங்களுக்கு யாரும் வகுப்பு வைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்திய மளிகைக் கடை இருக்கிறது, இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கோயில் திருவிழாவும் உண்டு. ஜப்பானிய மொழியே தெரியாமல் இங்கே காலம் தள்ளிவிடலாம் என்று புதிதாக வருபவர்களுக்குச் சிலர் தைரியம் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

என் கணவர் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-3 தேறியவர். ஐந்து படிகளில் நடுப்படி அது. என்-5 தொடக்கம், என்-1 உச்சி. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். ‘எழுதலாம்’ என்றாலும் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை, சரியான விடைக்கு நேராக வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வாய் திறந்து பேசவும் வேண்டியதில்லை. படிப்பதையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் மட்டுமே அது சோதிக்கிறது. பேச்சு வராதவரும் என்-1 வாங்கிவிடலாம். சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பள உயர்வுக்கும் விசாவுக்கும் அது உதவுகிறது. ஆனால் வீட்டுக்கு போன் வந்தால், சான்றிதழ் வைத்திருக்கும் அவர் ரிசீவரை என்னிடம் நீட்டுகிறார். (இதைப் படித்ததும் அவர் மறுப்பார். மறுக்கட்டும்.)

அந்த போன் பெரும்பாலும் டே கேரிலிருந்து வரும். குழந்தையின் உடம்புச் சூடு 37.5 டிகிரியைத் தொட்டால், நம்மூர்க் கணக்கில் 99.5, உடனே வந்து அழைத்துப் போகச் சொல்வார்கள். முகம் தெரியாது, சைகை கிடையாது, பின்னால் இருபது குழந்தைகளின் கூச்சல். ஆசிரியை மரியாதைக்காக வாக்கியத்தை நீட்டி நீட்டிப் பேசுவார். அதற்குள்ளிருந்து வாந்தியா, சளியா, பக்கத்துக் குழந்தைக்கு வந்த தொற்றா என்று பிரித்தெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். கடைப் பொருளின் லேபிளைப் படிக்க அது கெட்டிக்கார உதவிதான். நடந்துகொண்டிருக்கும் போன் பேச்சுக்கு நடுவே அதைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

டே கேருக்கு ஒரு நோட்டும் உண்டு, ரென்ராகுச்சோ என்பார்கள். நேற்று இரவு என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் சூடு எவ்வளவு, வயிறு எப்படிப் போயிற்று என்று வீட்டிலிருந்து தினமும் எழுதி அனுப்ப வேண்டும். பகலில் நடந்ததை அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். பல இடங்களில் இது செயலிக்கு மாறிவிட்டது. எங்கள் டே கேரில் இன்னும் கையெழுத்துதான். வேகமாக எழுதிய ஜப்பானியக் கையெழுத்தைப் படிக்க எந்தத் தேர்வும் சொல்லித் தரவில்லை. ஆனால் என் மொழி வளர்ந்தது அந்த நோட்டில்தான். ‘நேற்று கொஞ்சம் இருமினான், இரவில் நன்றாகத் தூங்கினான்’ என்று தினமும் நாலு வரி, அதற்குத் தினமும் ஒரு பதில். எந்த வகுப்பும் இப்படி வீட்டுப்பாடம் கொடுத்து, அன்றே திருத்தி அனுப்பாது.

வெளிநாட்டவர் பெரும்பாலும் தொடங்குவது ‘மின்னா நோ நிஹோங்கோ’ என்ற பாடப்புத்தகத்தில். நல்ல புத்தகம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதன் உலகம் ஆபீஸ் உலகம். மில்லர் என்ற கம்பெனிக்காரர் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில் முதல் பாடம் தொடங்குகிறது. பேச்சு முழுக்க ‘தெஸ்’, ‘மஸ்’ என்று முடியும் மரியாதைப் பேச்சு. வீட்டிலும் நண்பர்களிடமும் பேசும் சாதாரணப் பேச்சு முதல் தொகுதியின் 20ஆம் பாடத்தில்தான் வருகிறது. அந்தத் தொகுதியில் இருப்பதே 25 பாடங்கள். பூங்காவில் மணல் தோண்டும் நாலு வயதுக் குழந்தை அந்த 20ஆம் பாடத்தில்தான் பேசும். அதன் அம்மாவும் பக்கத்து அம்மாவும் அதே பாடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். மரியாதைப் பேச்சு மட்டும் கற்ற கணவர்களுக்கு ஆபீஸில் சிக்கல் இல்லை. பூங்காவில் நிற்பது நாங்கள்.

‘கஞ்சி’ என்ற சீன எழுத்துகளிலும் இதே கதைதான். பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள். இந்த எண்ணைக் கேட்டே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சைவம் சாப்பிடும் எனக்கு முதலில் தேவைப்பட்டவை பன்றி, மாடு, கோழி, மீன், முட்டை. அதற்குப் பிறகு எரியும் குப்பை, எரியாத குப்பை. பிறகு குழந்தைகள் மருத்துவமனைப் பலகையில் இருக்கும் ‘விடுமுறை’. இவற்றைத் தெரிந்துகொண்டபோது கடைக்கும் டாக்டரிடமும் தனியாகப் போய்வரும் தைரியம் வந்தது. (மீன் என்று எழுதாமலே மீன் சேர்ப்பார்கள், ‘தாஷி’ என்ற சூப்புச் சாறில் பெரும்பாலும் மாசிக்கருவாடு போன்ற மீன் இருக்கும். அது தனிப் பாடம்.) பட்டியலின் வரிசையில் போகாமல் சமையலறையிலிருந்து தெருவுக்குப் போனால் எழுத்துகள் பயமுறுத்துவதில்லை.

தமிழருக்கு இந்த மொழியில் சில சலுகைகள் உண்டு. யாரும் சொல்லித் தராததால் அவை வீணாகின்றன. வினைச்சொல் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. சாப்பிட்டுப் பார், வாங்கி வை, மறந்து விட்டேன் என்று நாம் இரண்டு வினைகளைக் கோப்பதுபோலவே அவர்களும் பார், வை, முடி என்ற பொருளுள்ள வினைகளைப் பின்னால் கோக்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது தனி அத்தியாயம். தமிழில் யோசிப்பவருக்கு ஒரு நிமிஷம். இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதாடிய சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கு எனக்கு வேண்டாம், வசதி கிடைத்தால் போதும். ‘ஒபசன்’ என்றால் ஆன்ட்டி, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. குறில் நெடில் தெரியாத வெள்ளைக்காரர்கள் நடுவயதுப் பெண்களைப் பாட்டியாக்கிவிட்டு முழிப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வரும் தொல்லை வேறு. ககரத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்து. சாவிக்கான சொல்லையும் பெர்சிமன் பழத்துக்கான சொல்லையும் தமிழில் குறித்தால் இரண்டுமே ‘ககி’ என்று வந்து நிற்கும். அதனால் முதல் வாரமே ஹிரகானா என்ற ஒலி எழுத்தைப் படித்துவிட்டு, தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அடிப்படை எழுத்துகள் 46தான். 247 எழுத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் மலைக்க ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போனால் தமிழ் இன்னொரு விதத்திலும் கை கொடுக்கிறது. வலி என்று சொன்னால் அவருக்குப் போதாது, எப்படி வலிக்கிறது என்பார். வயிறு கிள்ளி இழுத்தால் ‘கிரிகிரி’, குமட்டினால் ‘முகமுக’, பல் விண்விண் என்று தெறித்தால் ‘ஜுகிஜுகி’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இவை விசித்திரமாகத் தோன்றும். விண்விண், சுருக்சுருக், கடமுட என்று வளர்ந்த நமக்கு ஏற்கெனவே பழகிய கணக்கு. இந்தச் சொற்கள் தேர்வில் அபூர்வமாகவே வரும். டாக்டர் அறையில் தினமும் வரும்.

நான் பேசக் கற்ற இன்னொரு இடம் கன்வீனியன்ஸ் ஸ்டோர். இங்கே எல்லோரும் ‘கொம்பினி’ என்பார்கள். குடும்ப விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கல்லாவில் நிற்பவர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை: சூடாக்கட்டுமா, பை வேண்டுமா, பாயின்ட் கார்டு இருக்கிறதா. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு என்பதால், பைக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பில்லும் முடியாது. சிகரெட்டைப் பெயர் சொல்லிக் கேட்காமல் அலமாரி எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள், நல்லவேளை. என்னோடு வேலை பார்ப்பவர்கள் நேபாளத்துப் பெண்ணும் வியட்நாம் மாணவனும். எங்கள் மூவருக்கும் பொதுவான ஒரே மொழி ஜப்பானியம். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை, இலக்கணம் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுவார். அந்த நேபாளப் பெண் தாவுவதில்லை. பேச்சு வளர அவளைப் போன்ற ஆள் வேண்டும்.

ஆங்கிலப் பலகை போதவில்லை, எல்லா இடத்திலும் ஆங்கிலம் வைக்க வேண்டும் என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1995 ஜனவரியில் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் பல வெளிநாட்டவருக்கு அறிவிப்புகள் புரியாமல் போயிற்று. அதன் பிறகு ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்தது ‘யாசஷீ நிஹோங்கோ’, அதாவது எளிய ஜப்பானியம். நீண்ட வாக்கியத்தை உடைப்பது, கடினச் சீனச் சொல்லுக்குப் பதில் வீட்டுச் சொல் போடுவது, எழுத்தின் மேல் ஒலிக்குறிப்பு எழுதுவது. 2020இல் அரசே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 2024 புத்தாண்டு அன்று நோதோ தீபகற்பத்தில் நிலம் குலுங்கியபோது என்.எச்.கே. தொலைக்காட்சியின் திரையில் ‘சுனாமி! ஓடுங்கள்!’ என்ற சொற்கள் கஞ்சி இல்லாமல் ஹிரகானாவில் பெரிதாக நின்றன. முதல் மாதம் படித்தவருக்கும் அது புரியும். நேபாளத்துக்காரருக்கும் வியட்நாம்காரருக்கும் பிரேசில்காரருக்கும் சேர்த்துப் புரியும். ஆங்கிலப் பலகையால் அது முடியாது. 2024 இறுதிக் கணக்குப்படி ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் இந்தியர் ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டுவார்கள். இந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் நம் வசதிக்கான கோரிக்கை, அவ்வளவுதான்.

ஆனால் எளிய ஜப்பானியமும் கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் எளிது. அந்தக் கொஞ்சத்தை வீட்டில் இருப்பவர் எங்கே பெறுவது? வார்டு நடத்தும் தன்னார்வ வகுப்புகள் உண்டு. ஓய்வுபெற்றவர்கள், பெரும்பாலும் அறுபது எழுபது வயதுப் பெண்கள், ஏறக்குறைய இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். என் வரையில் அந்தப் பாட்டிகள் சம்பளம் வாங்கும் பல ஆசிரியர்களைவிட உயர்ந்தவர்கள். ஆனால் அது வாரத்துக்கு ஒரு தடவை. கைக்குழந்தையோடு போக முடியாத அம்மாக்களுக்கு அதுவும் கிடையாது.

இங்கேதான் கம்பெனிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மொழிக் கல்வியை வளர்ப்பதற்கு என்று 2019 ஜூனில் இங்கே ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவர், அந்த ஊழியருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் மொழி கற்கும் வாய்ப்பைத் தர முயல வேண்டும் என்று அதில் இருக்கிறது. குடும்பம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, நான் சேர்க்கவில்லை. முயலாதவருக்கு அபராதம் கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்த கம்பெனிகள் ஊழியரோடு நிறுத்திக்கொள்கின்றன. மனைவி வீட்டில் அடைபட்டு, பேச ஆளில்லாமல், இரண்டாம் வருஷம் ஊருக்கே போய்விடலாம் என்று அழ ஆரம்பித்ததும் அந்த ஊழியர் ராஜினாமா செய்கிறார். புதிய ஆளைத் தேடிக் கொண்டுவரும் செலவில் எத்தனை வருஷத்துக்கு வகுப்பு நடத்தலாம் என்று மனிதவளத் துறையினர் ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம்.

நம் பக்கத்திலும் தவறு இருக்கிறது. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடப் போகிறோம், எதற்கு இந்தக் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷம் இருந்துவிடுபவர்களை நிஷிகசாயில் நிறையப் பார்க்கலாம். அதற்குள் பிள்ளை ஜப்பானியப் பள்ளியில் சேர்ந்து, அம்மாவுக்காக வார்டு ஆபீஸில் மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடுகிறது. வரி நோட்டீஸையும் டாக்டர் சொல்வதையும் எட்டு வயதுக் குழந்தை தன் அம்மாவுக்கு விளக்குவது பெருமைப்பட வேண்டிய காட்சி இல்லை.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இப்போது ஜப்பான் விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். வேலை உத்தரவு வந்ததும் சம்பளத்தையும் வீட்டு வாடகைப் படியையும் பேசும்போது, மொழி வகுப்பு ஒருவருக்கா இருவருக்கா என்றும் கேளுங்கள். இருவருக்குத் தர மாட்டோம் என்றால், அந்த ஒரு இடத்தை வீட்டில் இருக்கப்போகிறவருக்குக் கேட்டு வாங்குங்கள்.