இரு தரப்பும் இசையாமல் மதகு திறக்காது

போர் நடக்கும் ஊரில் குடிநீர்க் குழாய் உடைந்தால், மின்கம்பி அறுந்தால், யார் போய்ச் சரி செய்வது? ஒரு தரப்பின் ஆள் போனால் மறுதரப்பு சுடும். அதனால்தான் எந்தப் பக்கமும் சேராத நடுநிலை அமைப்புகள் தேவைப்படுகின்றன. ஆனால் நடுநிலையாளரை அனுப்பிவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இலங்கையே சாட்சி.

திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாறு மதகை 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மூடினர். சுமார் 15,000 குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. அரசுப் படைகள் தாக்குதலில் இறங்கின. நார்வேயின் தூதர் பேசியதன் பேரில் மதகைத் திறக்கப் புலிகள் இசைந்தனர். ஆகஸ்ட் 6-ஆம் தேதி போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன் அங்கே சென்றார். அருகிலேயே ராணுவத்தின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. மதகைத் திறக்காமலே அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

அவராவது உயிரோடு திரும்பினார். அதே வாரம் பக்கத்து மூதூரில், பிரெஞ்சு நிவாரண அமைப்பான 'ஆக்சியோன் கோந்த்ர் லா ஃபாம்' அலுவலக வளாகத்தில் 17 ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எல்லோரும் அந்த நாட்டுக்காரர்களே. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். இந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இதன் பாடம் எளிதில் விளங்கும். தண்டவாளத்தில் பழுது பார்க்க 'பிளாக்' எடுக்கும்போது இருபுறத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒப்புக்கொண்டு, மற்றவர் வண்டியை விட்டால் சாவது கேங்மேன்தான்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் காரியம் நடக்கும் என்பதற்கும் இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மருத்துவமனை 1990-இல் அரசும் புலிகளும் இசைந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் விடப்பட்டது. போர் ஓயாவிட்டாலும் மருத்துவமனை இயங்கியது.

அண்மையில் உக்ரைனிலும் இதையே உலகம் கண்டது. சபோரிஷியா அணுமின் நிலையத்துக்கு வெளி மின்சாரம் வரும் கம்பிகள் அறுந்து, 2025-இல் சுமார் ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே குளிர்விக்கும் வேலை நடந்தது. சர்வதேச அணுசக்தி முகமை ரஷ்யாவிடமும் உக்ரைனிடமும் பேசி, பழுது பார்க்கும் இடங்களில் மட்டும் சண்டையை நிறுத்தச் செய்தது. அக்டோபரில் மின்சாரம் வந்தது.

இதில் டில்லிக்கும் ஒரு கடமை உண்டு. ஜெனீவா உடன்பாடுகளின் 1977-ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தங்கள், குடிநீர் நிலையங்களையும் பாசன மதகுகளையும் தாக்கக் கூடாது என்கின்றன. உள்நாட்டுப் போருக்கும் அது பொருந்தும். 1950-லேயே ஜெனீவா உடன்பாடுகளை ஏற்ற இந்தியா, இந்தத் துணை ஒப்பந்தங்களில் இன்றும் சேரவில்லை. இலங்கையும் சேரவில்லை. உள்நாட்டு விவகாரத்தில் வெளியார் தலையிட இது வழிவிடும் என்று அரசுகள் தயங்குவதுண்டு. ஆனால் அந்தச் சாக்கில் தலையிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மட்டும் பீரங்கி ஓய்ந்துவிடாதுதான். ஆயினும் மதகைத் திறக்கப் போகிறவனைச் சுடுவது குற்றம், சுட்டவன் கூண்டில் நிற்க வேண்டும் என்று பக்கத்து நாட்டிடம் கேட்க, முதலில் இந்தியா அதை ஏற்றிருக்க வேண்டாமா? டில்லித் தமிழர்கள் தங்கள் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.