தாழ்மையும் தாழ்த்தப்பட்டோரும்

'தாழ்மை', 'தாழ்த்தப்பட்டோர்' என்னும் இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. முன்னது ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்வது. பின்னது பிறர் ஒருவர்மீது சுமத்தியது. தமிழ்க் கிறித்தவச் சபைகளில் பெருமையைக் கடிந்து தாழ்மையைப் போற்றும் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. பழைய கத்தோலிக்க ஞானோபதேச நூல்களும் தலையான பாவங்களின் வரிசையில் அகங்காரத்தை முதலில் நிறுத்தி, அதற்கு எதிரான புண்ணியமாகத் தாழ்ச்சியைக் கற்பித்தன. எனினும் ஒரு கேள்வி அரிதாகவே எழுகிறது: இப்போதனை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது?

மும்பை தாராவியில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர். அவர்களுள் கிறித்தவர்களும் கணிசமாக உள்ளனர். வேலைக்கான நேர்காணலில் 'தாராவி' என்று சொல்லத் தயங்கி, சயான் என்றோ மாகிம் என்றோ சொல்லிச் சமாளிக்கும் இளைஞர்கள் இன்றும் உண்டு. ஊர்ப்பெயரையே மறைக்க வேண்டிய நிலையிலிருக்கும் ஒருவரிடம் ஞாயிறுதோறும் 'உன்னைத் தாழ்த்திக்கொள்' என்று மட்டுமே சொல்வது அறப்போதனை ஆகுமா? அல்லது உலகம் வாரம் முழுவதும் சொன்னதை ஏழாம் நாளில் சபையும் வழிமொழிவதாகுமா?

விவிலியம் காட்டும் தாழ்மை உயரத்திலிருந்து தொடங்குகிறது. பிலிப்பியருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் முன்வைக்கும் கிறிஸ்து, தெய்வ நிலையைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் நிலைக்கு இறங்கியவர். யோவான் நற்செய்தியில் சீடரின் பாதங்களைக் கழுவியவர் அவர்களுடைய குரு. இறங்குவதற்கு ஓர் உயரம் இருந்தது. இறங்கியது அவரது சொந்தத் தெரிவு. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனில் அதற்குப் பெயர் தாழ்மை அன்று. பிறர் அழுத்தியதால் குனிந்த தலையைப் பணிவின் அடையாளமென்று பாராட்டுவது, அழுத்திய கையைக் காணாமல் விடுவதாகும்.

அந்தக் கையைக் காண, தாராவிக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமான அதே திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்ப வேண்டும். அங்கே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயில், இரு கால்களாகப் பிரிந்து பலிபீடத்தில் ஒன்றுசேரும் அமைப்புடையது. இடையே சுவர். ஒருபுறம் வேளாளர் உள்ளிட்டோர், மறுபுறம் நாடார் உள்ளிட்டோர். இரு தரப்பினரும் ஒரே குருவைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. 1910ஆம் ஆண்டையொட்டி கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தபோது, தனியிடம் தங்கள் உரிமையென்று வேளாளத் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நீண்டு, அவர்களுக்கு எதிராக முடிந்தது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாகப் பேசுகிறது.

அச்சுவர் நின்ற காலமெல்லாம் அதன் இருபுறமும் ஒரே மறையுரைதான் ஒலித்தது. தாழ்ச்சி என்னும் புண்ணியத்தை இருபுறத்தாரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். சுவரைக் காக்க வழக்காடியவர்கள் தங்களை அகங்காரிகளாகக் கருதியிருக்க மாட்டார்கள். வழக்கத்தைக் காப்பவர்களாகவே கருதியிருப்பார்கள். பெருமை எப்போதும் தலைநிமிர்ந்து நடப்பதில்லை. பல வேளைகளில் அது மரபின் உருவிலும், முறைமையின் உருவிலும், கட்டடத்தின் உருவிலும் அமைதியாக நிற்கும். தனிமனித மனநிலையாக மட்டும் பெருமையைக் காணும் போதனை, அந்தச் சுவரைத் தொடுவதேயில்லை.

தொண்டின் உருவிலும் பெருமை நிற்கக்கூடும் என்பதைச் சொன்னவர் அதே சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேலை மிஷனரிகளின் தியாகங்களை நன்றியுடன் ஒப்புக்கொண்ட அவர், அவர்கள் இந்தியரோடு நட்புக்கொள்ளத் தவறுவதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். உடைமையைக் கொடுப்பவரும் உயிரையே கொடுப்பவரும் தம்மைச் சமமாக வைத்துக்கொள்ள மறுக்கலாம். கொடுக்கும் கை எப்போதும் மேலேயே இருக்கும். நட்பில் மேல் கீழ் கிடையாது. 1912இல் தோர்ணக்கல்லின் ஆயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் என்ற நிலையை அடைந்த அசரியா, அங்கு மாலா, மாதிகா மக்களிடையே வாழ்நாளைக் கழித்தார்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தாழ்த்தப்பட்டவர் உரிமை பேசத் தொடங்கினால் அதுவும் பெருமை ஆகாதா? தலித் கிறித்தவர் இடஒதுக்கீடு கோரும்போதும், சபைக் கமிட்டியில் இடம் கேட்கும்போதும் இதே சொல் அவர்கள்மீது வீசப்படுகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறித்தவருக்கு விரியவில்லை. தாராவியில் அண்டை வீட்டுப் பௌத்தருக்கு உள்ள தகுதி, அதே ஒடுக்குமுறையின் வழிவந்த தமிழ்க் கிறித்தவருக்கு இல்லை. இதைச் சுட்டுபவரிடம் 'தாழ்மை எங்கே?' என்று கேட்பவர்கள், பவுலை முழுமையாக வாசிக்க வேண்டும்.

தாழ்மையின் மடலைப் பவுல் எழுதியது பிலிப்பி நகரச் சபைக்கு. அதே பிலிப்பியில் அவரை விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டார்கள். மறுநாள் ஓசைப்படாமல் போய்விடுமாறு அதிகாரிகள் சொல்லியனுப்பியபோது அவர் நகரவில்லை. தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமென்றார். அவர்களும் வந்தார்கள். இதைத் திருத்தூதர் பணிகளின் 16ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. கிறிஸ்துவின் தாழ்மையை எழுதிய அதே மனிதர், அநீதிக்கு முன் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவர் கருதவுமில்லை.

ஆயினும் பெருமை ஒரு தரப்பாருக்கு மட்டும் உரிய நோய் அன்று. தாழ்த்தப்பட்டோரும் தமக்குக் கீழே ஒருவரைத் தேடக்கூடும். உட்சாதியின் பெயரால் மண உறவை மறுப்பதும், சிறிய அறையொன்றில் ஜெபக்கூட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் பெரும் பட்டங்களோடு சுவரொட்டியில் தோன்றுவதும் பெருமையின் வடிவங்களே. தாராவியில் படித்து முன்னேறி, செம்பூரில் வீடு வாங்கிக் குடிபெயரும் குடும்பம் பழைய சபையாரை எப்படி நினைவில் கொள்கிறது என்பதும் ஒரு சோதனையே. உயரம் கிடைத்த அந்த நாளில்தான் தாழ்மைக்கான உண்மையான வாய்ப்பும் கிடைக்கிறது.

ஆகவே தாழ்மை எல்லாருக்கும் உரிய கட்டளைதான். ஆனால் அது ஒவ்வொருவரிடமும் ஒரே செயலைக் கேட்பதில்லை. மேலே இருப்பவரிடம் இறங்கி வரச் சொல்கிறது. கீழே தள்ளப்பட்டவரிடம், தன்னை இழிவாக எண்ணாமலும் இன்னொருவரை இழிவாக எண்ணாமலும் இருக்கச் சொல்கிறது.

ஒரு சபையில் தாழ்மை உண்டா என்பதை அறியப் பிரசங்கத்தைக் கேட்பது போதாது. மாட்டுங்காவில் வசிக்கும் விசுவாசி, நடந்து செல்லும் தொலைவிலுள்ள தாராவி வீட்டில் அமர்ந்து உணவருந்தியிருக்கிறாரா? கமிட்டியில் யார் அமர்கிறார்கள், கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை யார் அடுக்குகிறார்கள்? திருமணப் பேச்சு எழும்போது எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறது? புனித வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு ஆண்டுக்கொரு முறை வருகிறது. இந்தக் கேள்விகள் ஆண்டு முழுவதும் பதிலுக்காகக் காத்திருக்கின்றன.