புகார் சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

அமைதிக் கல்வி என்றதும் நமக்கு நீதிபோதனை வகுப்புதான் நினைவுக்கு வரும்: சண்டை போடாதே, விட்டுக்கொடு, ஒற்றுமையாக இரு. குடிமையியல் என்றால் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகள், ஐந்து மதிப்பெண் வினா. இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதால் என்ன ஆகிறது என்பதை நாங்குநேரியை வைத்துப் பார்க்கலாம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் அந்த ஊரில் 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படித்த தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்களில் அவன் பள்ளியிலேயே படித்த சிறுவர்கள் இருந்தார்கள். தன்னைத் தொல்லை செய்தவர்களைப் பற்றி அவன் பள்ளியில் புகார் சொல்லியிருந்தான். நல்ல குடிமகன் எதைச் செய்ய வேண்டுமென்று பாடநூல் சொல்கிறதோ, அதைத்தான் செய்தான்.

'விட்டுக்கொடு' என்ற போதனை இங்கே யார் காதில் விழும்? ஏற்கெனவே விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பவன் காதில்தான். உரிமையைப் பேசாத அமைதிக் கல்வி வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பழக்கும். மறுபுறம், 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கும் கையிலேயே சாதி நிறத்தில் கயிறும் இருக்க முடிகிறது.

வட அயர்லாந்து இதே சிக்கலைக் கடந்து வந்த இடம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கும் அந்த நாட்டில், 1989 கல்விச் சீர்திருத்தம் 'பரஸ்பரப் புரிதல்' என்பதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகச் சுற்றுலா போனார்கள். இரு தரப்புக்கும் ஊரில் ஏன் சண்டை என்ற பேச்சைப் பல ஆசிரியர்கள் சாமர்த்தியமாகத் தவிர்த்தார்கள். 2007இல் வந்த பாடத்திட்டம் சமத்துவம், மனித உரிமை, சனநாயகப் பங்கேற்பு ஆகியவற்றைக் குடிமைக் கல்வியாக வெளிப்படையாகவே பேசச் சொன்னது. பள்ளிகள் என்னவோ இன்னும் பெரும்பாலும் பிரிந்தேதான் இருக்கின்றன.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவையே செய்திகளில் அதிகம் அடிபட்டன. 500 மாணவருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரைதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. புகாரை வாங்குபவர் யார், வாங்கியபின் சொன்னவனுக்குக் காவல் யார் என்பது தெரியாமல் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

இரண்டு கல்வியையும் இணைக்கப் புதுப் புத்தகம் போட வேண்டியதில்லை. வகுப்பறையிலேயே தொடங்கலாம். ஆசிரியர் கைகாட்டிய வகுப்பு லீடர், பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். பல பிள்ளைகள் பார்க்கும் முதல் அரசாங்கம் அதுதான். லீடரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பெயர் எழுதப்பட்டவனும் தன் பக்கத்தைச் சொல்லட்டும். குழாயடித் தகராறை இரு தரப்பையும் கேட்டு வகுப்பே தீர்க்கட்டும். சாதிப் பெயர் சொல்லி ஒருவனை இழிவுபடுத்துவது அப்படிப் பேசித் தீர்க்கும் தகராறு அல்ல, சட்டம் குற்றமென்று சொல்லும் செயல். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளைவிட முதலில் ஆசிரியர்கள் கற்க வேண்டும். இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடும் வழக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.