வழுக்கியது தரையா, மாத்திரையா? பெரியவர்கள் விழும்போது கேட்க மறக்கும் கேள்வி

வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால் முதல் பழி தரை மேல்தான். "டைல்ஸ் ஈரமா இருந்துச்சு", "செருப்பு வழுக்கிடுச்சு", "வயசாயிடுச்சுல்ல" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையவில்லை என்று தெரிந்ததும் குடும்பமே நிம்மதி ஆகிவிடுகிறது. ஏன் விழுந்தார் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படுவதே இல்லை.

இது சின்ன விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள்.

எழுந்ததும் ஏன் தலை சுற்றுகிறது?

படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமாகத் துடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் உடல் பார்த்துக்கொள்ளும். வயதாகும்போதும், சர்க்கரை நோயால் நரம்புகள் பழுதாகும்போதும் இந்த வேலை தாமதமாகிறது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால், அதைக் கவனிக்க வேண்டிய பிரச்சினையாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். உட்கார வைத்து மட்டும் பிபி பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மற்ற காரணங்களும் உண்டு. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் தரை எங்கே இருக்கிறது என்பதே காலுக்குத் தெரியாது. கண்புரை, பார்கின்சன், உள்காதுக் கோளாறு, ரத்தசோகை, உடலில் சோடியம் குறைவது என்று பட்டியல் நீளும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். "எப்படி விழுந்தேன்னே ஞாபகம் இல்ல" என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. இதயத் துடிப்பில் கோளாறு ஏற்பட்டு மயங்கியிருக்கலாம். இசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

எந்த மாத்திரைகள்?

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசிபம், சோல்பிடெம் போன்றவை முதல் வரிசையில் வருகின்றன. இரவில் போட்டதன் மந்தம் காலையிலும் நீடிக்கலாம். இந்தக் காரணத்துக்காகவே 2013இல் அமெரிக்காவின் எஃப்டிஏ, பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

அடுத்து, பிபி மாத்திரைகள். குறிப்பாக பிரசோசின், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரைகள், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்றவை நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியவை. சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். விரதம் இருக்கும் நாளில் "மாத்திரையை மட்டும் விடக்கூடாது" என்று போட்டுக்கொள்வது ஆபத்து.

சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் ஆகியவையும் மந்தத்தையும் தடுமாற்றத்தையும் தரலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள் கதை வேறு. அவை விழ வைப்பதில்லை. ஆனால் விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். சில நாட்கள், ஏன் சில வாரங்கள் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம்.

யார் மொத்தமாகப் பார்ப்பது?

இந்த மருந்துகள் எதுவும் கெட்டவை அல்ல. இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், புரோஸ்டேட்டுக்கு ஒருவர் என்று நான்கு சீட்டுகள் சேர்கின்றன. நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. பத்து நாளைக்கு எழுதிய தூக்க மாத்திரை, பழைய சீட்டைக் காட்டியே பல வருடம் தொடர்கிறது. பிரச்சினை அங்கேதான்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யலாம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்து, சத்து மாத்திரை, இருமல் டானிக் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய் "இதுல எது இன்னும் தேவை?" என்று கேட்கலாம். வீட்டு பிபி மெஷினில் படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று 1 நிமிடம், 3 நிமிடம் கழித்தும் அளந்து எழுதி வைக்கலாம். அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஆனால் எந்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. நீண்ட நாள் எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

குடும்பங்கள் மட்டும் செய்து முடிக்கிற வேலையும் இல்லை இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரையைக் கொடுக்க வருபவரே "போன வருஷத்துல எப்பவாவது விழுந்தீங்களா?" என்று கேட்டு, ஒரு முறை நிற்க வைத்தும் பிபி பார்த்தால் கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். புதிய கருவி எதுவும் வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்கும் மாதக்கணக்கான படுக்கைக்கும் போவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. அந்த ஒரு கேள்வியை அரசு படிவத்தில் சேர்க்க வேண்டும்.