பெரட்டில் அந்த எண்ணையும் வாசியுங்கள்

தோட்டத்து ஆபீஸ் பக்கத்தில் மழைமானி நிற்கிறதே, நாம் எல்லாரும் பார்த்ததுதான். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கிராணி அன்றன்று குறித்து வைப்பார். மழை குறைந்தால் பின்னால் குலை குறையும், அதனால் இந்த அக்கறை. மரத்துக்காக வானத்தை அளக்கிற நிர்வாகம், புகைமூட்டக் காலத்தில் நம் மூக்கில் ஏறுகிற காற்றை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை?

அளவு இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் இலாகா நாடெங்கும் 60க்கும் மேற்பட்ட நிலையங்களில் கருவி வைத்து இரவு பகலாக அளக்கிறது. ஐ.பி.யு. என்கிறோமே, அந்தக் குறியீடு 50 வரை நல்ல காற்று, 100 வரை நடுத்தரம். 101 ஆனால் உடம்புக்கு ஆகாது. 201 ஆனால் மிகக் கெடுதல். 300ஐத் தாண்டினால் ஆபத்து. நுரையீரலின் அடிவரை இறங்கும் பிஎம் 2.5 என்ற நுண்தூசியையும் 2018 முதல் இதில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த எண்ணையே ஒரு காலத்தில் மூடி வைத்தார்கள்! 1997ல் சரவாக்கில் அவசரகாலம் அறிவித்தார்கள், அது 800ஐயும் தாண்டியது. அதற்குப் பின், சுற்றுப்பயணிகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பல ஆண்டுகள் மக்களிடம் எண்ணைச் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் 500ஐத் தாண்டியபோதுதான் அது மறுபடி வெளியே வந்தது. இன்று கைப்பேசியிலேயே மணிக்கு மணி பார்க்கலாம்.

பார்த்து என்ன செய்ய? 100 ஆனால் பள்ளிக்கூடத்தில் வெளி விளையாட்டு கிடையாது, 200 ஆனால் பள்ளிக்கே விடுமுறை. பிள்ளை வீட்டில் இருக்கும், அப்பனும் ஆத்தாளும் அதே புகையில் குலை வெட்டப் போவார்கள். 20 கிலோ குலையைத் தூக்குகிறவன் சும்மா இருப்பவனைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறான். அவனுக்கு எந்த எண்ணில் வேலை நிற்கும்?

"புகையைப் பார்த்துக்கிட்டு இருந்தா அடுப்பு எரியுமா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயம்தான். ஒரு நாள் கூலி போனால் கடைக்காரன் விடுவானா? ஆகவே கூலியைப் பிடிக்காமல் வேலையை நிறுத்து என்றுதான் நாம் கேட்கவேண்டும். 100ஐத் தாண்டினால் என்95 முகமூடி இலவசமாகத் தரவேண்டும், பாரமான வேலை கூடாது. 200ஐத் தாண்டினால் சம்பளத்தோடு வேலை நிறுத்தம். உடனடி ஆபத்து இருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்று 2024 ஜூன் 1ல் நடப்புக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அதற்காக அவனைப் பழிவாங்கவும் கூடாது. ஆனால் எண்ணே தெரியாதவன் எதைக் காட்டி ஆபத்து என்பான்?

இன்னொன்று. அளக்கும் நிலையம் பெரும்பாலும் பட்டணத்துப் பக்கம் இருக்கிறது. குறியீட்டில் வரும் நுண்தூசிக் கணக்கும் 24 மணி நேரச் சராசரி. விடிகாலையில் மரத்தடியில் தேங்கி நிற்கும் புகை அதில் உடனே தெரியாது. சில நூறு வெள்ளிக்குச் சிறு கருவி கிடைக்கிறது. நிலையத்துக் கருவி அளவுக்குத் துல்லியம் இல்லாவிட்டாலும், காற்று கெடுவதைக் காட்டிக் கொடுக்கும். மழைமானிக்குப் பக்கத்தில் ஒன்று வைக்க இடமா இல்லை?

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் தொழிற்சங்கம் இதை எழுத்தில் கேட்கட்டும். பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடும் முன் அன்றைய எண்ணை வாசிக்கட்டும். மலாயிலும் வாசிக்கட்டும், பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துக்காரனுக்கும் விளங்க வேண்டுமே.